குன்று இருந்த உயரம்

சுங்கை வேயில் குடியிருந்த சரோஜா அக்கா காலமாகிவிட்டார். "அம்மா போயிட்டாங்க அங்கிள்" என்று அவர் மகள் மாலதி போனில் சொன்னபோது, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் அக்காவின் பழைய மேசைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் நில அளவை அலுவலகத்தில் அக்கா கிளார்க்; நான் வரைபடம் வரைகிறவன். அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், வாய் சும்மா இருக்காது. "இத்தனை கோடு போடுறியே தம்பி, எங்கயாச்சும் ஒரு மனுஷன் தெரியிறானா?" என்று போகிற போக்கில் குத்துவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அதற்குள் அவர் வாங்கிய தே தாரிக் டீ ஒன்று என் மேசைக்கு வந்திருக்கும்.

ஒருநாள் வேலைக்காகக் கிள்ளான் பக்கத்துப் பழைய நிலவரைபடம் ஒன்றை விரித்திருந்தேன். எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் வாழ்க்கைப்பட்டுப் போன ரப்பர் தோட்டம் அதில் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயம், கோயில், கோயிலுக்குப் பின்னால் குன்று.

"என் மூத்தவன அந்த உச்சியிலதான் பொதச்சாங்க" என்றார். பிறந்த அன்றே போய்விட்ட பிள்ளை. பச்சைப் பிள்ளையை எரிக்கமாட்டார்கள். ஆண்கள் தூக்கிப்போய்ப் பலாமரத்தடியில் புதைத்திருக்கிறார்கள். பெற்றவள் வரக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பிறகும் மாமியார் அந்தப் பக்கம் விடவில்லை. அப்புறம் தோட்டமே கைமாறிவிட்டது. "ஒரு தடவ காட்டுவியா தம்பி?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனேன். இப்போது அது ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடம். பழைய படத்தையும் போனில் இருந்த வரைபடத்தையும் ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் பழைய படத்தில், மேட்டைக் காட்டும் பழுப்புக் கோடுகள் வளையம் வளையமாக நெருங்கிக் கிடந்தன. நாங்கள் நின்றதோ தட்டையான தார்த்தரை. குன்றையே வெட்டி லோரியில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இங்கதானா?" அக்கா கொண்டுவந்த பாலை ஊற்றக் குனிந்தார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இங்கதான் அக்கா. ஆனா அப்ப தரை இங்க இல்ல. அதோ, அந்த மூணாவது மாடி உயரத்துல இருந்துச்சு."

நிமிர்ந்து, வெறும் ஆகாயத்தை வெகுநேரம் பார்த்தார். "அட பாவிங்களா, எம்புள்ள கிடந்த மண்ணக்கூட விட்டு வைக்கலயே!" என்று ஓவென்று அழுதார். காவலாளி ஓடி வந்து, "ஆன்டிக்கு என்ன ஆச்சு பாஸ்?" என்றார்.

அழுது ஓய்ந்தபின் அக்கா என்னைப் பார்த்தார். "பால எங்க தம்பி ஊத்துறது?"

பால் போத்தலோடுதான் வீடு திரும்பினோம்.

நேற்று அக்காவுக்குக் காரியம் முடிந்தது. மாலதி என்னைத் தனியே அழைத்தாள். "அண்ணன் இடத்த ஒருமுறை காட்டுங்க அங்கிள். அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அக்காவின் கேள்வியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலதியைக் கூட்டிப் போவேன். அவளும் பால் கொண்டுவருவாள்.