சத்திரத்துக் கைப்பிடிச் சுவர்

சாவியால் கீறியதும் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. கச்சிராயபாளையம் சாலையில் உள்ள பழைய சத்திரம் இது. முற்றத்தில் நடக்கும் பாட்டுக் கச்சேரிக்குக் கட்டடம் தாங்குமா என்று பார்க்க, பொறியாளராக வந்திருந்தேன்.

இதே முற்றத்தில் அது நடந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா மைக்செட் வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கரை எப்போதும் மாடிக் கைப்பிடிச் சுவரில்தான் கட்டுவார். அந்த வருடம் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கியிருந்தார். மூன்று நாள் மழை விட்ட மதியம், அவற்றையும் அங்கேயே கட்டினார்.

கீழே ஒயர் இழுத்துக்கொண்டிருந்த சித்தப்பா கேட்டார்: “இன்னாண்ணா, செவுரு தாங்குமா?”

“எப்பவும் கட்ற எடம்தான்டா. நீ பாடுனாதான் தாங்காது.”

சித்தப்பா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். பெட்டியோடு சுவரும் அவர்மேல் விழுந்தது. எழுந்த தூசியில் இந்த வாசனைதான் இருந்தது. அதன்பின் அப்பா வீட்டில் ரேடியோகூட வைக்கவில்லை.

இப்போது, விழுந்த இடத்தை மட்டும் சிமெண்டால் கட்டியிருக்கிறார்கள். மீதிச் சுவர் அதே சுண்ணாம்புதான்.

“மேடம், பெட்டிய மேல கட்டிக்கலாம்ல? எப்பவும் கட்ற எடம்தாங்க,” என்றார் கீழே நின்ற விழாக்குழுக்காரர்.

என் பட்டியலில் எடை, ஈரம், விரிசல் என்று வரிசையாக இருந்தன. அனுமதி என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். பிறகு அவரைச் சுவரை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன்.