கீழே இருந்து வந்த கல்

கூப்பை விட்டு நடக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முன்னால் நான், என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் செல்லமுத்து. பேய், முனி, காத்துக்கருப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இடம் கிடைக்காமல் சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒன்றும் வந்து எழுப்பியதில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ரயில் தண்டவாளத்துக்குச் சிலீப்பர் கட்டை வேண்டும் என்று கொல்லிமலைக் காட்டில் மரம் வெட்டினார்கள், அப்படி வெட்டுகிற இடத்துக்குத்தான் கூப்பு என்று பெயர். நானும் செல்லமுத்துவும் ஈரோட்டு கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிப் பழக்கமானவர்கள். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும் பதினொரு வயதில் வீட்டையும் விட்டவன். அவனுக்கு விடுவதற்கு வீடே இல்லை. மலை ஏறிய மூன்றாவது மாதம் அவனுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. மத்தியானம் ஆனால் குளிர் ஆளைத் தூக்கிப் போடும், சாயங்காலம் உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். அதற்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை கூப்பில் எப்போதோ தீர்ந்துவிட்டது. படுத்துக் கிடக்கிறவனுக்கு இங்கே சோறு இல்லை என்று மேஸ்திரி சொன்னார். இரண்டு நாள் என் சோற்றைப் பங்கு போட்டோம், பிறகு அதுவும் நின்றது. மூன்றாம் நாள் விடியும்போது அவனைக் கிளப்பிக்கொண்டு நடந்தேன்.

நேராக அடிவாரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அவன்தான் அருவிக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தான். மூலிகை வேரெல்லாம் நனைத்து வருகிற தண்ணீர், தலையில் பட்டால் காய்ச்சல் விட்டுவிடும் என்று கூப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவனுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை, ஆறுதலாக ஒரு வாய்ச்சொல்கூட.

குண்டனி நாடு என்கிற மலைக்கிராமப் பகுதியின் ஓரத்தில், ஒற்றையடிப் பாதை பள்ளத்துக்குள் இறங்குகிற இடத்தில், ஒரு சாமைக் காடு. அதில் ஓர் அம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பாப்பாயி என்று பெயர், அது பிறகு தெரிந்தது.

"ஏனுங்க சாமி, அருவிக்கா?"

"ஆமாங்க."

"ரெண்டு பேருமா? அந்தத் தம்பிக்கு நிக்கவே காலு இல்லியே, அது எங்க எறங்கறது?"

"தண்ணி பட்டா காச்சல் நின்னுருமுங்கக்கா" என்றான் செல்லமுத்து.

"நின்னுரும், நின்னுரும். மூச்சும் சேந்து நின்னுரும்." சொல்லிவிட்டுக் களைக்கொத்தைப் பாதை ஓரத்துக்கு நீட்டினாள். அங்கே பலகை மாதிரி ஒரு பாறை இருந்தது. "போறதுன்னா கல்லு வெச்சுட்டுப் போங்க. எறங்கறவங்க ஆளுக்கொரு கல்லு வெக்கோணும், ஏறி வந்ததும் அவங்கவங்க கல்லை எடுத்து வீசிரோணும். பொழுது சாயறப்போ கல்லு மிச்சம் இருந்தா கீழ ஆளு மாட்டியிருக்குதுன்னு நாங்க கயிறு எடுத்துட்டு எறங்குவோம். எடுக்க மறந்துட்டுப் போயிராதீங்க. போன மாசம் ஒருத்தன் மறந்து போயி, எங்க ஊட்டுக்காரரு பந்தம் புடிச்சுட்டு விடிய விடியத் தேடுனாரு. அவன் ஊட்டுல படுத்துத் தூங்கிட்டு இருந்தான்."

செல்லமுத்துவால் குனிய முடியவில்லை. காட்டு மண்ணில் கிடந்த கரட்டுக்கல் இரண்டை நானே எடுத்து வைத்தேன், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "அவன் கல்லை அவன்தான் வெக்கோணும்" என்று அந்த அம்மாள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறங்குவதற்கே வெகுநேரம் ஆயிற்று. மரவேர்கள்தான் படி. அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அப்புறம் சாரல் வந்து முகத்தில் அறைந்தது, சுற்றிலும் புகை மாதிரி வெள்ளை, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. செல்லமுத்து குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையை நீட்டினான். எண்ணி ஐந்து நிமிஷம் இருக்காது. குளிர் பிடித்து உலுக்கியது, பாசியில் கால் வழுக்கிக் கணுக்கால் திரும்பி விழுந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வீங்கியது.

முதுகில் ஏற்றிப் பார்த்தேன். மூன்று வேர் ஏறினேன், இரண்டு பேரும் சேர்ந்து சரிந்தோம். இரண்டாம் தடவை ஒரு வேரோடு சரி. வயிற்றில் ஒன்றும் இல்லாத ஆள் எவ்வளவு தூக்குவான்? கடைசியில் ஒரு பாறைத் திட்டில் அவனைக் கிடத்தினேன். திட்டு ஒரு ஆள் அகலம், அதற்குக் கீழே மடு, ஆழம் தெரியாத பச்சைத் தண்ணீர். காய்ச்சல் ஏறினால் அவன் புரண்டு புரண்டு படுப்பான். புரண்டால் மடு. என் தலைத்துண்டால் அவன் இடுப்பை ஒரு வேரோடு சேர்த்துக் கட்டினேன்.

"போயிராதடா மாணிக்கா. பேசிக்கிட்டு இருடா" என்றான்.

"ஆளக் கூட்டிட்டு வாரேன்டா. அசையாமக் கெட."

"போயிராதடா."

நான் போனேன்.

இதில் மறைக்க ஒன்றும் இல்லை, எழுதிவிடுகிறேன். ஏறும்போது பாதி வழியில் ஒரு எண்ணம் வந்தது. இப்படியே நடந்தால் சாயங்காலத்துக்குள் அடிவாரம், அங்கே யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை, அவனுக்கும் தேட ஆள் கிடையாது. வந்தது, போய்விட்டது. அப்படித்தான் நினைக்கிறேன். மேலே வந்து சேர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாறையில் இருந்த கல்லை எடுத்து வீசினேன். ஒன்றை அல்ல, இரண்டையும். நான் வைத்தது, நான் எடுக்க வேண்டும் என்று கை தானாகச் செய்ததா, அந்த எண்ணம் கைக்குள் இன்னும் இருந்ததா, இன்று வரை என்னால் சொல்ல முடியவில்லை. சாமைக் காட்டுக்குள் நாலு எட்டு வைத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு இல்லை.

கண் விழித்தபோது ஒரு குடிசைக்குள் கிடந்தேன். வாசலில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. பாப்பாயி கஞ்சிக் கலயத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடப் பார்த்தேன், கால் நிற்கவில்லை.

"என்ற கூட்டாளி கீழ கெடக்கறானுங்க! அருவிக்குப் பக்கத்துல..."

"தெரியுஞ் சாமி. எங்க ஊட்டுக்காரரும் இன்னும் மூணு பேரும் கயிறோட எறங்கிப் போயிட்டாங்க. குடி மொதல்ல."

"யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரு சொல்லோணும்? உச்சிப் பொழுதுல உன்னய இங்க இழுத்துப் போட்டுட்டு நானே போயிப் பாத்தேன், பாறை சுத்தமா இருந்துச்சு. உன்ர கூட்டாளி உன்னய உட்டுட்டு ஓடிட்டான்னு அவன வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருந்தேன். அப்பறம் மாடு ஓட்டிட்டு வந்த எங்க ஊட்டுக்காரரு பாத்திருக்காரு, ஒரு கல்லு இருக்குது. ஒண்ணே ஒண்ணு." கலயத்தை என் கையில் வைத்தாள். "நீதான் மயக்கத்துல எந்திரிச்சுப் போயி வெச்சியாக்கும்னு நெனச்சேன். நீ அசையவே இல்லியே கண்ணு."

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் செல்லமுத்துவைக் கொண்டுவந்தார்கள், உயிரோடு. பாப்பாயியின் புருஷன் சடையன் இடுப்பு மடியிலிருந்து அந்தக் கல்லை எடுத்துக் காட்டினார். வழவழவென்று உருண்ட கூழாங்கல், புறா முட்டை அளவு. அந்தக் காட்டில் கிடப்பதெல்லாம் கரட்டுக்கல். அந்தக் கூழாங்கல் மடுவில்தான் கிடைக்கும்.

"நான் பாக்கறப்போ சொட்டச் சொட்ட ஈரமா இருந்துச்சு. பாறையெல்லாம் வெயில்ல காஞ்சு கெடக்குது, அது மட்டும் ஈரம்" என்றார். திட்டில் அவர்கள் பார்த்ததையும் சொன்னார். என் தலைத்துண்டின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. துண்டு நாலாக மடித்துச் செல்லமுத்துவின் தலைக்கு அடியில் இருந்தது. திட்டு முழுக்கச் சாரலில் நனைந்திருக்க, அவன் தலைமாட்டில் மட்டும் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்குப் பாறை காய்ந்திருந்தது.

செல்லமுத்து என்னைப் பார்த்தான்.

"நீ எப்படா எனக்கு முன்னால வந்தே? ஏறி வரும்போது பின்னாலதான வந்துக்கிட்டு இருந்தே?"

"நான் உச்சிப் பொழுதுக்கே ஏறிட்டேன்டா. இங்கதான் கெடந்தேன்."

"போடா. இந்நேரம் வரைக்கும் என்ற தலைய மடியில வெச்சுட்டு இருந்தியே. நான் பொரளறப்ப எல்லாம் புடிச்சுப் புடிச்சு இழுத்தியே. பேசிக்கிட்டே இருந்தியேடா." பிறகு இன்னும் சொன்னான். "உங்கம்மா உன்னய ஊமையான்னுதான் கூப்புடுமாமே. அஞ்சு வயசு வரைக்கும் நீ பேசலியாமே. அது சாகக் கெடக்குதுன்னு ஆளு வந்து சொல்லியும், நீ கரூர்ப் பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டியாமே. அன்னிக்குப் பாதி வழில திரும்பிட்டேன், இன்னிக்குத் திரும்ப மாட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுதியேடா."

காய்ச்சல் மூளைக்கு ஏறினால் என்னென்னவோ தோன்றும், தெரியும். கல்லை வேறு யாராவது வைத்திருக்கலாம், அதுவும் சரி. ஆனால் பாலம் வரை போய்த் திரும்பியதை நான் எந்த மனிதனிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

மறுநாள் காலை அவனை முள்ளுக்குறிச்சிக்கு இறக்கி, அங்கிருந்து வண்டியில் ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. பிழைத்துக்கொண்டான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீள மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுத்து இறக்குவார்கள். ரோடு இல்லாத மலையில் நோயாளிக்கும் பிரசவத்துக்கும் அதுதான் வழி. காட்டில் களையெடுப்பு மும்முரமாக நடந்ததால் வெள்ளையன் என்கிற ஒரு ஆள்தான் கிடைத்தான். இன்னொரு தோள் வேண்டும் என்றார் சடையன், கூலி ஒரு படி சாமை. நான் வருகிறேன் என்றேன். உடம்பில் தெம்பு இருந்து சொல்லவில்லை.

"இவன் முன்னால புடிக்கட்டும்" என்று என்னைக் காட்டினான் செல்லமுத்து. அவன் தலை முன்பக்கமும் கால் பின்பக்கமுமாகத் தூளியில் கிடந்தான்.

நல்ல வெயில். பறவைச் சத்தம் காதை அடைத்தது. பயப்படுவதற்கு எந்தக் காரணமும் இல்லாத காலை. இரண்டு திருப்பம் இறங்கியபின் செல்லமுத்து தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தான். "என்னடா?" என்று கேட்டேன்.

"உங்கிட்ட இல்லடா" என்றான்.

அடுத்த திருப்பத்தில் வெள்ளையன் மூங்கிலை இறக்கச் சொன்னான். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் வந்து, "அண்ணா, இனி நான் முன்னால புடிச்சுக்கறனுங்க" என்றான்.

"ஏன், கால் வலிக்குதா?"

"கால் இல்லீங்க. எனக்குப் பின்னால யாரோ நடந்து வாராங்க. நான் நின்னா நிக்கறாங்க. திரும்பிப் பாத்தா பாதைதான் கெடக்குது."

நான் பின்பக்கம் போய் மூங்கிலைத் தோளில் ஏற்றினேன். செல்லமுத்து என் முகத்தைப் பார்த்தான், பிறகு என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்தான். கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டித் தேடினான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"அவன எங்கடா உட்டுட்டு வந்தே?" என்றான்.

முள்ளுக்குறிச்சி வரைக்கும் அதற்கப்புறம் அவன் பேசவில்லை. ஓர் இடத்தில் நிலைக்காத நான் மூன்று வருஷம் அந்த மலையிலேயே தூளி தூக்கினேன். அன்று திரும்பாமல் இருந்தவன் வருவானா என்று எப்போதும் பின்தோளைத்தான் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஒரு நாளும் எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டதில்லை.