இல்லாத ஓ.டி.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, செங்கல் சூளை, ஹோட்டல், லாரி என்று சுற்றியபின், இரண்டாயிரத்து மூன்று வாக்கில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு பஸ் ஓட்டினேன். பெண்கள் மட்டும் ஏறும் வண்டி. மதியம் மூன்று மணிக்கு மண்ணூர் நிறுத்தத்தில் ஒரு கணவன் தினமும் மனைவிக்காகக் காத்திருப்பான். மழையிலும் நிற்பான். அவள் இறங்கியதும் கழுத்திலிருக்கும் ஐடி கார்டைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். மறுநாள் காலை அவள் பஸ் ஏறும்போதுதான் திருப்பிக் கொடுப்பான். கொடுத்துவைத்தவள் என்று வண்டியே பேசிக்கொண்டது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. இவ்வளவு அன்பு நம்மால் முடியுமா என்று கவலையாகக்கூட இருந்தது.

என்னிடமும் பிரியமாகப் பேசுவான்.

"இன்னா அண்ணாத்த, நாலு நிமிசம் லேட்டு?"

லாரி மறித்ததைச் சொல்வேன்.

"வூட்டுக்காரி யார் பக்கத்துல குந்திகினு வந்தா?"

அதையும் சொல்வேன். ஒருநாள் அவன் கேட்காமலே நானாகச் சொன்னேன்: "இன்னைக்கு ஒங்க வீட்டம்மா வழியெல்லாம் ஒரே சிரிப்புண்ணே!"

இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள், அந்த வெயிலில், கம்பெனிக்குள் மட்டும் போடும் யூனிபார்ம் கோட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்தாள். கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கியபின் என்னிடம் வந்தாள். என்னைப்போலத் தெற்கே இருந்து பிழைக்க வந்தவள்.

"அண்ணே, என்னயப் பத்தி அவருகிட்ட நல்லதும் சொல்லாதீக, கெட்டதும் சொல்லாதீக."

"சிரிச்சதத்தான தாயி சொன்னேன்?"

"எதுக்குச் சிரிச்சேன்னுதான் ரெண்டு நாளா கேட்டாரு." கோட்டின் கையைக் கொஞ்சம் மேலே தள்ளிக் காட்டிவிட்டு உடனே இறக்கினாள்.

சம்பளமில்லாமல் ஒற்றன் வேலை பார்த்திருக்கிறேன். அது புரிந்ததும் வீரம் வந்தது.

"நான் அவன நாலு வார்த்த கேக்கட்டா?"

"கேட்டுட்டு நீங்க வண்டிய எடுத்துட்டுப் போயிருவீக. நான்ல அந்த வீட்டுக்குப் போகணும்?"

என் வீரத்துக்கு அவளிடம் வேலை இல்லை. அவளுக்கு வேண்டியது அவன் கண்ணில் படாத மூன்று மணி நேரம். அவள் தாமதமாக வர அவன் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் அனுமதி கொடுப்பான்: ஷிப்டு முடிந்தும் கூடுதல் சம்பளத்துக்குப் பார்க்கும் ஓ.டி. ஆகவே அவளும் கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்த லைன் லீடர் அக்காவும் சேர்ந்து, கம்பெனி போடாத ஓ.டி. ஒன்றைப் போட்டார்கள். அதற்கு முன் பத்து நாள், சோற்றுப் பையின் அடியில் வைத்து ஒவ்வொரு சான்றிதழாகக் கொண்டுவந்து அக்காவின் லாக்கரில் சேர்த்திருந்தாள். புடவை, நகை எதையும் தொடவில்லை. வீட்டில் ஒரு பொருள் இடம் மாறினாலும் அவனுக்குத் தெரிந்துவிடுமாம்.

என் பங்கு ஒரே ஒரு பொய். அன்று மண்ணூரில் பஸ்ஸுக்குள் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான்.

"எங்க அவ?"

"ஓ.டி.ண்ணே. சாயங்கால வண்டியில வருவாங்க."

"காலைல ஒண்ணும் சொல்லலியே?"

"திடீர்னு போட்டுட்டாங்க."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். "நீ சொன்னா சரிதான் அண்ணாத்த." அத்தனை நாள் உண்மையாகக் கோள் சொன்னதற்குக் கிடைத்த மரியாதை அது.

அதே நேரத்தில் அவள் அரசு ஆஸ்பத்திரியில் காயங்களைக் காட்டி எழுதி வாங்கிக்கொண்டு, மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். கூடவே அக்காவும் இருந்திருக்கிறார். இதை அக்கா பிறகு சொன்னார்.

மறுநாள் காலை அவன் என் பக்கத்துக் கதவைப் பிடித்து உலுக்கினான்.

"எங்க கீறா? சொல்லு!"

"தெரியாதுண்ணே."

சத்தியமாகத் தெரியாது. முந்தின நாள் காலை, இனி எங்கே தங்கப்போகிறாய் என்று நானும் கேட்டிருந்தேன். "அது ஒங்களுக்குத் தெரிய வேணாம்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.