சைரன் அக்காவின் நாற்காலி

சைரன் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் வேன் டிரைவர்கள். கிடங்கின் கடைசி மூலையில் லேபிள் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே, வாசலில் பின்பக்கமாக வரும் வேனைக் குரலாலேயே நிறுத்திவிடுவார். "அண்ணே, தூணு! தூணு!" அவ்வளவுதான், பிரேக் தானாக விழும். அந்தத் தூணில் இருக்கும் ஒரே கீறல் அக்கா லீவு போட்ட நாளில் விழுந்தது. வீட்டுக்காரரும் அதே ரகமாம். "நாங்க ரெண்டு பேரும் ரகசியம் பேசினா எதிர்வீட்டுல இருந்து பதில் வரும்" என்பார்.

நாங்கள் வேலை பார்ப்பது குழாய், வால்வு, வாஷர் விற்கிற கம்பெனியில். மாடியில் ஆபீஸ், முற்றத்தைத் தாண்டினால் கிடங்கு. ஆர்டர்கள் எல்லாம் மாடியிலுள்ள ஒரு கம்ப்யூட்டரில் வந்து சேரும். அக்கா பட்டனை அமுக்கினால் கிடங்கு மாடியைக் கேட்கும், மாடி பதில் சொல்லும், பெட்டியில் ஒட்ட வேண்டிய முகவரி அச்சாகி வெளியே வரும்.

அக்கா அங்கே அட்டைப்பெட்டி மடிக்கத்தான் சேர்ந்தார். நின்றுகொண்டே செய்கிற வேலை. மடித்தபடியே லேபிள் மெஷினைக் கவனித்து வந்தவர், அதை ஓட்டியவர் வேலையை விட்டதும் யாரையும் கேட்காமல் போய் உட்கார்ந்துவிட்டார். முதலாளி வந்து முறைத்தபோது, "ஓடுதில்ல சார்? அப்புறம் என்ன?" என்றாராம். அன்று முதல் அது அவர் நாற்காலி.

அக்காவிடம் இன்னொரு பிடிவாதம் உண்டு. கிடங்கை விட்டுக் கிளம்புகிறவர் யாரும் "போறேன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் முற்றம் அதிரும்: "என்ன போறேன்? ஒரேயடியாவா? போயிட்டு வரேன்னு சொல்லுய்யா!" பாதி தூரம் போன டிரைவர்கூடத் தலையை வெளியே நீட்டி, "வரேன் தாயே, வரேன்!" என்று கத்திவிட்டுத்தான் கியரை மாற்றுவார்.

அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. என் பரம்பரையில் முதல் பட்டதாரி நான். வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதித் தேறியவன். பட்டமளிப்பு விழாவுக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டு, அப்பாவையும் அம்மாவையும் முன்வரிசைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கிடங்கு வாசலில் வேன்கள் வரிசையாக நின்றன. உள்ளே சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

முதலாளி நடுவில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சான், கையில் லேப்டாப்போடு. நான் இல்லாத நேரத்தில் இந்த மச்சான் மாடியிலிருந்த பழைய ரூட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, வேகமான புது ரூட்டர் ஒன்றை மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அக்காவின் மெஷினில் லேபிள் வரவில்லை. அக்கா மாடிக்குப் போன் போட்டுக் கேட்டு முகவரிகளைக் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். பெட்டிகள் தாமதம், சில ஊர் மாறிப் போயிருக்கின்றன.

"மேல எல்லாம் பறக்குது" என்றார் மச்சான். "இங்கிருந்துதான் பதிலே இல்ல. இந்தம்மா எதையோ நோண்டிருக்கு. ஒயரைப் பிடுங்கி போன் சார்ஜ் போட்டிருக்கும்."

முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "நாளைல இருந்து நீ பழையபடி அட்டை மடிக்கப் போ. இந்த சீட்டுக்கு வேற ஆள் போடறேன்."

அக்கா எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நான் தொடலை சார். தொடாததுக்கு ஏன் எந்திரிக்கணும்?"

"சார், புது ரூட்டரை நான் ஒரு தடவை பாக்கறேன்" என்றேன். "பாஸ்வேர்டு குடுங்க."

மச்சான் சிரித்தார். "பட்டம் வாங்கிட்டு வந்துட்டாரு பெரிய இன்ஜினியர்."

"ஆமா, வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். பையிலதான் இருக்கு, காட்டவா?"

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே ஒரு வேன் ஹாரன் அடித்தது. அப்போது அக்கா குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

"தம்பி பாக்கட்டும் சார். என் மேல தப்புன்னு சொன்னான்னா நானே எந்திரிச்சுப் போறேன்."

போறேன் என்றார். அங்கே இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. அட்டை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"குடுத்துத் தொலை மாப்பிள்ளை" என்றார் முதலாளி.

மாடிக்கு ஓடினேன். முதலில் ஆர்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கிடங்கிலிருந்து கேள்வி ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. பதிலும் கிளம்பிக்கொண்டுதான் இருந்தது. கிடங்குக்குத் தனியாக ஒரு சின்ன ரூட்டர் உண்டு, நெட்வொர்க்கில் தனி முகவரி வரிசை உண்டு. அந்த வரிசைக்கு ஏதாவது வந்தால் அதைச் சின்ன ரூட்டரிடம் கொடு என்று பழைய ரூட்டரில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். புதிதில் அந்த வரி இல்லை. தெரியாத முகவரி என்று அது பதிலை எல்லாம் வெளி இன்டர்நெட் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து மச்சான் கம்ப்யூட்டர் வழியாகக் கிடங்கு மெஷினைக் கூப்பிட்டுப் பார்த்ததும் அதே பக்கம்தான் போயிருக்கிறது. பிறகு எப்படிப் பதில் வரும்?

கேள்வி "போறேன்" என்று கிளம்பியிருக்கிறது. வருவதற்கு வழி வைக்கவில்லை. ஆயிரம் தடவை அக்கா கத்தியது எனக்குள் ஒலித்தது, சிரிப்பு வந்துவிட்டது.

மச்சானோடு பின்னாலேயே வந்து நின்ற முதலாளியிடம் திரையைக் காட்டினேன். "சார், அக்கா கேட்டது இங்க வந்து நிக்குது பாருங்க. திருப்பி அனுப்பற வழியைப் புது ரூட்டர்ல யாரும் போடலை. கிடங்குல ஒரு தப்பும் இல்ல."

"அது ஆட்டோமேட்டிக்கா எடுத்துக்கும்னு..." என்று ஆரம்பித்தார் மச்சான்.

"எடுத்துக்கல" என்றேன்.

அந்த வரியை எழுதினேன். வழிக்கு ஒரு பெயர் கொடு என்று ஒரு கட்டம் கேட்டது. கொடுத்தேன். சேமித்தேன்.

கீழே வந்தபோது அக்காவின் திரையில் நிலுவை லேபிள்கள் எல்லாம் வந்து குவிந்திருந்தன. பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரி சரி, ஆச்சில்ல? வேலையைப் பாருங்க" என்றார் முதலாளி.

"எல்லார் முன்னாடியும்தானே சார் என்னை எந்திரிக்கச் சொன்னீங்க?"

ஹாரன்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒலித்தன. முதலாளி மீசைக்குள் ஏதோ சொன்னார்.

"மெஷின் சத்தத்துல கேக்கலை சார்."

மெஷின் ஓடவே இல்லை. யாரோ கொல்லென்று சிரித்தார்கள்.

"உன் மேல தப்பில்லம்மா! போதுமா? சீட்டு உன்னோடதுதான்!"

"இப்ப கேட்டுச்சு" என்றார் அக்கா. பட்டனை அமுக்கினார். மெஷின் சடசடவென்று துப்ப ஆரம்பித்தது. "அண்ணே, தூணு!" என்று அடுத்த வேனுக்குக் குரல் போனது.

மறுநாள் மச்சான் ரூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இதென்ன பேரு? எஸ், ஐ, ஆர்... சைரனா? இந்த வரியை அழிச்சா என்ன ஆகும்?"

"அழிச்சுப் பாருங்க சார்" என்றேன். "அடிக்கும்."