கிரிவலப் பாதையில் கிளிப்பச்சை டி-ஷர்ட்

அந்தச் செய்தி வந்த காலையில் வீட்டில் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். மாமா, அதாவது என் அக்காவின் கணவர், வேலை பார்க்கும் கார் கம்பெனி அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்தில் இறங்கப்போகிறது என்று போனில் வந்திருந்தது. நமக்கும் அது வெளிநாட்டுக் கம்பெனி, அமெரிக்காவுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி. இரண்டு மூன்று கம்பெனிகள் மட்டும் தங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த பந்தயத்தில் புதிதாக ஒருத்தன் காலை வைக்கிறான் என்றால் சும்மாவா? பல் தேய்த்துக்கொண்டே அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நுரையைத் துப்பிவிட்டு வந்து பேசு என்றாள்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ராணிப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பிடிக்காமல் விட்டுவிட்டு, வேங்கிக்காலில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மீதி நேரமெல்லாம் ரேஸ்தான். அங்கே ஞாயிறு மத்தியானம் ஓடுவது நமக்கு நடுராத்திரி தாண்டிவிடும். அதனால் யார் ஜெயித்தது என்று கண்ணில் பட்டுவிடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கி, திங்கட்கிழமை காலையில் இட்லியோடு பார்ப்பேன். கிண்ணத்தின் உட்பக்கம் மாதிரி சரிந்து நிற்கும் பாதை. அதில் கார்கள் ஒன்றையொன்று உரசியபடி ஒரே கூட்டமாகப் பறக்கும். முன்னால் போகிற ஒருத்தனின் கை லேசாகப் பிசகினால் போதும், பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் சிதறுவார்கள். தப்பு செய்தவன் சில சமயம் கீறல்கூட இல்லாமல் போய்விடுவான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் பேசித் தொலைக்காதே என்பது அக்காவின் நிரந்தர எச்சரிக்கை.

மாமாவுக்கு வேலை காஞ்சிபுரத்தைத் தாண்டி. அங்கேயே நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி, வார லீவுக்கு மட்டும் பஸ் பிடித்து வருவார். காருக்கு ஹெட்லைட் மாட்டுகிற பிரிவில் அவர்தான் டீம் லீடர். பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, அப்புறம்தான் பர்மனென்ட் ஆனார். அவர் வந்ததும் வராததுமாக நான் பிடித்துக்கொண்டேன். ரேஸ் காரில் கதவு திறக்காது, ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக வலைதான், உள்ளே முழுக்க இரும்புக் குழாய்க் கூடு, மேலே போர்த்தியிருப்பதுதான் நம்ம கம்பெனி கார் மாதிரி தெரியும் என்று அடுக்கினேன். ஹெட்லைட்டே கிடையாது மாமா, அந்த இடத்தில் வெறும் ஸ்டிக்கர் என்றதும் சிரித்துவிட்டார்.

"அப்ப முதல்ல எங்க செக்‌ஷனைத்தான் மூடுவானுங்க. ஒட்றதுக்கு ஒரு ஆளு போதுமே."

அக்கா சிரிக்கவில்லை. வாயைக் கழுவுங்க என்றாள்.

அவள் கடுகடுப்புக்குக் காரணம் இருந்தது. மாமாவின் பழைய சூப்பர்வைசர் ஒருத்தர் கிருஷ்ணகிரி பக்கம் பேட்டரி ஸ்கூட்டர் கம்பெனி ஒன்றுக்குப் போயிருந்தார். என்கிட்ட வந்துடு என்று அவர் மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனால் மறுபடியும் கான்ட்ராக்ட், மறுபடியும் கடைசி வரிசை. பர்மனென்ட்டை விட்டுவிட்டு யாராவது போவார்களா என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். ரேஸ் செய்தி அவளுக்கு வசதியாகப் போயிற்று. அமெரிக்காவில் போய்ப் பந்தயம் விடுகிற கம்பெனிக்கு இங்கே என்ன குறைச்சல் வந்துவிடப்போகிறது என்று என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டாள். மாமா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசரிடம் நாளைக் கடத்திக்கொண்டே வந்தார்.

ரேஸ் காரை அறிமுகம் செய்த அன்று கேன்டீனில் பெரிய திரை கட்டிக் காட்டினார்களாம். ஆளுக்கு ஒரு லட்டு, ஒரு டி-ஷர்ட். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, நெஞ்சில் ரேஸ் காரின் படம். இந்தக் கலரில் வெளியே போனால் காக்கா கொத்தும் என்று மாமா அதை என்னிடம் தூக்கிப்போட்டார். எனக்குத் தொளதொளவென்று இருந்தது. இருந்தாலும் கழற்ற மனசில்லை.

முதல் ரேஸை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தோம். நம்ம கம்பெனியின் கிளிப்பச்சைக் கார் நடு வரிசையில் தைரியமாக ஓடியது. பாதிக்கு மேல் யாரோ யாரையோ இடிக்க, புகைக்குள்ளே போன கார் வெளியே வரவே இல்லை. கேமராக்காரன் வேறு பக்கம் திருப்பிவிட்டான். ஐயோ போச்சே என்று மாமாவின் தொடையில் ஓங்கி அடித்தேன். அடித்த பிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை காலையில் இவர் ஏன் என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார்?

கேட்டேன். மெயின்டனன்ஸ் என்றார்.

அடுத்த வாரமும் மெயின்டனன்ஸ். அதற்கடுத்த வாரம் டிரெய்னிங், ஆனால் வீட்டிலிருந்தே. லைன் ஸ்பீடைக் கம்மி பண்ணியிருக்கிறார்கள் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். இன்னொரு நாள் சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேன்டீனில் இப்போதெல்லாம் கேட்காமலே இரண்டாவது முட்டை வைக்கிறார்கள் என்றார். நல்லதுதானே என்றாள் அக்கா. நல்லதுதான் என்றார். முன்பு இரண்டாவது முட்டை கேட்டால் கரண்டியால் அடிக்க வருவான் அந்த ஆள் என்று அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

சூப்பர்வைசர் கடைசியாக ஒரு கெடு வைத்தார். பௌர்ணமி அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல், அப்புறம் என்னைக் குறை சொல்லாதே என்று.

அந்தப் பௌர்ணமி வாரத்தின் நடுவில் வந்தது. வேலை நாள். ஆனாலும் மாமா வீட்டில்தான் இருந்தார். ஹெட்லைட் சப்ளை வரவில்லை, எங்கள் செக்‌ஷனுக்கு மட்டும் இன்றைக்கு லீவு, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றார். இத்தனை வருஷத்தில் வேலை நாளில் பௌர்ணமி வந்து அவர் எங்களோடு மலை சுற்றியதே இல்லை, சாமியே லீவு கொடுத்திருக்கிறார் என்றாள் அக்கா. சுற்றி வந்து, அந்தச் சூப்பர்வைசரிடம் வரவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம் என்பது அவள் திட்டம். வெயில் தாழ்ந்ததும் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். நான் சுடிதார் பேன்ட்டுக்கு மேல் கிளிப்பச்சை டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டேன். கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடிக்க வசதி என்று மாமாகூடக் கிண்டல் செய்தார்.

என் சட்டையைப் பார்த்துத்தான் முதல் ஆள் வந்தார். செங்கம் ரோட்டிலிருந்து மலைப்பாதைக்குத் திரும்புகிற முனையில், அதே கிளிப்பச்சையில், தொந்தியும் சிரிப்புமாக ஒருத்தர்.

"நீ எந்த செக்‌ஷன்மா? பாத்ததே இல்லையே."

நான் மாமாவைக் கை காட்டினேன். செய்யாறுக்காரர், பெயின்ட் ஷாப்பாம். இரண்டு பேருக்கும் முகப் பழக்கம் இருந்தது. எங்களுக்கு இன்றைக்குப் பெயின்ட் அடிக்கிற பூத்தைக் கழுவுகிறார்கள், பெயின்ட் ஷாப்புக்கு மட்டும் லீவு என்றார் அவர். எங்களுக்கு ஹெட்லைட் வரவில்லை, எங்களுக்கு மட்டும் லீவு என்றார் மாமா. பெயின்ட் அடிக்காத காருக்கு நீங்கள் எங்கே லைட் மாட்டப்போகிறீர்கள் என்று அவர் சிரித்தார். மாமாவும் சிரித்தார். சேர்ந்து நடந்தோம்.

கொஞ்ச தூரத்தில் இன்னும் இரண்டு கிளிப்பச்சை. கீழ்பென்னாத்தூர்ப் பையன்கள், சீட் மாட்டுகிறவர்கள். துணி தீர்ந்துவிட்டது, எங்களுக்கு மட்டும்ணே என்றார்கள். அப்புறம் ஒரு குடும்பம், அப்பா மட்டும் கிளிப்பச்சை. இன்ஜின் செக்‌ஷன். டெஸ்ட் மெஷின் ரிப்பேர், எங்களுக்கு மட்டும். இங்கே கை தூக்கி, அங்கே தோளைத் தட்டி, முதலில் கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. நீயும் லீவா, நீயும் லீவா. காவியும் மஞ்சளும் வெள்ளையுமாகப் போகிற அந்தக் கூட்டத்தில் பச்சையைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. திரும்பின பக்கமெல்லாம் இருந்தது.

பேச்சு எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. யாரும் யாரையும் எந்த செக்‌ஷன் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். புதிதாக ஒரு கிளிப்பச்சை எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் குனிந்து நடந்தார்கள். அக்கா பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இத மேல போட்டுக்கோ. நல்லா மூடிக்கோ."

எதற்கு என்று கேட்கவில்லை. போர்த்திக்கொண்டேன். அப்படியும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அடி அண்ணாமலை ஊர் வந்ததும் ஒரு கரும்பு ஜூஸ் கடைப் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். யார் முதலில் உட்கார்ந்தது என்று நினைவில்லை. பிரஸ் ஷாப் பையன் ஒருத்தன் எங்களோடு வெகு நேரமாக வாயைத் திறக்காமல் வந்துகொண்டிருந்தான். பிரஸ் ஷாப் என்றால் இரும்புத் தகடை ராட்சத அச்சில் வைத்து அடித்துக் கதவு, பானட் எல்லாம் எடுக்கிற இடம். அந்த அச்சைத்தான் டை என்பார்கள். அது இருக்கிற இடத்தில்தான் கார் பிறக்கும். உனக்கு என்னப்பா சொன்னார்கள் என்று செய்யாறுக்காரர் அவனிடம் கேட்டார். அவன் கையிலிருந்த ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் சொல்லலண்ணே. போன வாரமே டை எல்லாத்துக்கும் கிரீஸ் பூசி பாலித்தீன் சுத்தச் சொன்னாங்க. சுத்தி முடிச்சதும் மேல பெயின்ட்ல நம்பர் எழுதச் சொன்னாங்க."

"இன்னா நம்பர்?"

"கப்பல் கன்டெய்னர் நம்பர்."

கரும்பு மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் இன்னும் யாருக்கு வேண்டும் என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் ஒரு விளம்பரம் நினைவுக்கு வந்தது. ரேஸ் வீடியோவின் நடுநடுவே வருவது. அதில் கிளிப்பச்சைக் கார் ஓடும், பின்னால் ஒரு பெரிய கட்டடம் எழும்பும், தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தொழிலாளிகள் கைகட்டி நின்று சிரிப்பார்கள். இது இனி உங்கள் மண்ணில், உங்கள் கைகளால் என்பான். அமெரிக்காக்காரனுக்குச் சொல்வது. ஒவ்வொரு முறையும் நான் விரலால் தள்ளிவிட்டு ரேஸுக்குப் போய்விடுவேன். மாமாவின் காதருகே குனிந்து சொன்னேன். அங்கே புதுசாக ஃபேக்டரி கட்டுகிறார்கள் மாமா, விளம்பரத்தில் பார்த்தேன்.

மாமா போனை எடுத்தார். சூப்பர்வைசர் நம்பரை அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தினார். பௌர்ணமி அன்று அந்தப் பாதையில் எவன் போனும் வேலை செய்யாது. லட்சம் பேர் ஒரே டவரைப் பிடித்துத் தொங்குவார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இல்லாமல் வயல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் என்று சூப்பர்வைசர் சொன்னது எந்த நேரம் வரைக்கும் என்று தெரியவில்லை. ஊருக்குள் புகுந்து வயல் பக்கம் போனால் வேறு டவர் கிடைக்கும் என்று நான் சொன்னேன். மாமா அக்காவைப் பார்த்தார். சுற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று எங்கள் இரண்டு பேரையும் வருஷக்கணக்காக மிரட்டி வைத்திருப்பவள் அவள்.

"நானே சொல்றேன், போங்க," என்றாள். அவர் தோளிலிருந்த பையை அவளே கழற்றி வாங்கிக்கொண்டாள்.

நானும் கூடவே போனேன். சந்து முடிந்து, வேர்க்கடலை விளைந்த மணிலாக் கொல்லை வரப்பில் ஏறினோம். வெறும் காலில் முள்ளும் காய்ந்த மண்கட்டியும் குத்தின. மாமா கீழே பார்க்கவே இல்லை, போனையே பார்த்துக்கொண்டு நடந்தார். மலைப்பாதைச் சத்தம் பின்னால் ஒரு இரைச்சலாகச் சுருங்கியது. சிக்னல் கோடு ஒன்று வந்தது, போயிற்று, இரண்டாக வந்தது. அவர் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று அழுத்தினார். காற்றடித்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

சூப்பர்வைசர் கோபமாக இல்லை. களைத்துப்போன குரல்.

"காலைலேர்ந்து உங்க ஆளுங்க போன்தாம்பா. எல்லாரும் ஊருக்குத் தெரியாம எனக்குப் பண்றாங்க. ஒரே ஒரு எடந்தான், உனக்குன்னு புடிச்சு வெச்சிருக்கேன். வர்றியா?"

"வரேன் சார்."

"வெளிய வாயத் தொறக்காத. உன்கூட இருக்கறவங்கிட்டகூட."

"சரிங்க சார்."

போனைச் சட்டைப் பையில் போட்ட பிறகும் மாமா வரப்பிலேயே நின்றார். மறுபடியும் கான்ட்ராக்ட்டா மாமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். வந்த வழியே திரும்பினோம். நிலா இன்னும் வெளுக்கவில்லை, சாம்பல் வட்டமாக நின்றது.

அவர்கள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்காகக் காத்திருந்தார்களாம். அக்கா எழுந்து மாமாவின் முகத்தைப் பார்த்தாள், தெரிந்துகொண்டாள், பையைத் திருப்பிக் கொடுத்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பையன்கள் உயிரில்லாத போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். செய்யாறுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கண்ணே போயிட்டீங்க?"

"தண்ணி வாங்கலாம்னு."

அவர் பார்வை மாமாவின் வெறுங்கைக்குப் போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தன் பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, நீட்டினார்.

"இதுல இருக்கு, குடிங்கண்ணே. இன்னும் எவ்ளோ தூரம் நடக்கணும்."

மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தார்.