தலைக்கு மேலே போன ரோடு

நான் அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன். ஆனாலும் எங்கள் பக்கத்து ஸ்டேட் ரோட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. கிளீனராக ஏறினேன், டிரைவராக உட்கார்ந்தேன், இன்றைக்கு அதே ரோட்டில் என் பேர் போட்ட பஸ்கள் ஓடுகின்றன. கண்ணைக் கட்டி உட்கார வைத்தால்கூட, இது மர மில் ஊர், இது செங்கல் சூளை ஊர் என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். அந்த ரோடு ஊருக்கு ஊர் கடைத்தெருவுக்குள் நுழைந்து, ஆஸ்பத்திரி மதிலை உரசி, பள்ளிக்கூட வாசலில் பம்மி, எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் வந்து மூச்சு வாங்கும்.

அந்தக் கேட் ஓரத்தில்தான் என் தங்கை புருஷன் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஊரில் அவருக்குக் காத்துக்காரர் என்று பேர். எனக்கு மாப்பிள்ளை. தொழிலில் கெட்டிக்காரர் என்று சொன்னால் அது என் தங்கை புருஷன் என்பதற்காக அல்ல. நான் லேசில் யாரையும் மெச்சமாட்டேன்.

கேட் ஓரத்தில் கடை போட்டதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "ஓடுற வண்டியில டிரைவர் ரோட்டைப் பாப்பான் மச்சான். நின்னாத்தான் டயரைப் பாப்பான்" என்பார். அது நிஜம். கேட் மூடினால் டிரைவர்கள் இறங்கிச் சோம்பல் முறிப்பார்கள், சும்மா இருக்க முடியாமல் டயரை ஒரு உதை விடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டே இவர் உள்ளிருந்து குரல் கொடுப்பார்: "அண்ணே, பின்னாடி உள் டயர் அழுவுது, பாருங்க!" ரயிலுக்கு நன்றி சொல்லிச் சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லோரும் திட்டுவார்கள்.

பிறகு பைபாஸ் என்று பேச்சு வந்தது. ஊருக்கு வெளியே வயல்வெளியில் சிவப்பு பெயின்ட் அடித்த கல் நட்டார்கள். புது ரோடு ஊருக்குள் வராது, பழைய கேட்டை மூடிவிடுவார்கள் என்று தெரிந்ததும் கடைத்தெருவே இடிந்துபோய் உட்கார்ந்தது. மாப்பிள்ளை மட்டும் உட்காரவில்லை. ஒரு சாயங்காலம் அந்தக் கற்களை ஒட்டியே நடந்து போனார். அவை தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் நின்றார். மறுநாள் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார்.

"ரயிலு எங்கயும் போகலியே மச்சான். ரோடு தாண்டுற இடத்துல கேட் வந்துதானே ஆகணும்? கேட் வந்தா வண்டி நிக்கும்."

நான் அவர் முதுகில் தட்டினேன். ரோட்டிலேயே வளர்ந்த எனக்கும் அதில் ஓட்டை தெரியவில்லை. எங்கள் ஜனங்கள் ரயிலும் ரோடும் சந்திக்கிற இடத்தில் கேட்டை மட்டுமே பார்த்தவர்கள். பழைய கடையையும் தங்கையின் நகையையும் விற்று, தண்டவாளத்துக்குக் கொஞ்சம் இப்பால் இடம் வாங்கினார். புதுக் கூரை, புது கம்ப்ரஸர், தண்ணீர்த் தொட்டி. "ரோடு வர்றதுக்கு முன்னாடியே கடை வந்துருச்சு. பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே தொட்டில் கட்டுன கதைதான்" என்று டீக்கடைக்காரர் கிண்டல் பண்ணினார். "நீ பால் மட்டும் ரெடியா வைய்யி" என்றார் மாப்பிள்ளை.

மண் லாரிகள் வந்தன. முழங்கால் உயரம் கொட்டியபோது, "நல்லது, மழைத் தண்ணி நிக்காது" என்றார். இடுப்பு உயரம் வந்தபோது வாசலில் இரண்டு படி கட்டலாம் என்றார். தலை உயரம் வந்தபோது ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிப் பார்த்தார். கூரையைத் தாண்டியபோது ரோலர் ஓட்டுகிறவரிடம் போய்க் கேட்டார்.

"இன்னும் எவ்வளவுப்பா ஏத்துவீங்க?"

"ரயிலு மேல பாலம் போகுதுல்ல, அந்த மட்டத்துக்கு."

"அப்ப கேட்டு?"

ரோலர்காரர் சிரித்துவிட்டார். "கேட்டை ஒழிக்கத்தானே பெரியவரே ரோடே போடுறாங்க!"

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் படுத்தார் என்று தங்கை சொன்னாள். "அண்ணே, பேசினாலாவது சண்டை போடலாம். சுவத்தைப் பாத்துக்கிட்டு கெடக்குறாரு."

நான் சும்மா இருக்கிறவனா? ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். இந்த வட்டாரத்தில் நான் போய் நின்றால் நாற்காலி போடாத ஆபீஸ் கிடையாது. நாற்காலி போட்டார்கள். அவ்வளவுதான். பாலத்தின் ஏற்றத்திலிருந்து கடைக்கு இறங்க வழி விட முடியாதாம். ரோட்டு ஓரத்தில் தகரத் தடுப்பும் வந்துவிட்டது. வண்டிகள் அவர் கூரைக்கு மேலே பறந்தன. அவர் கீழே உட்கார்ந்து சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார். "இப்ப போனானே, அவன் முன் டயர் செங்கல் ஊர் வரைக்கும் தாங்காது" என்பார். யாரிடம் சொல்ல?

ஒரு நாள் என் பஸ்ஸே அந்த ஏற்றத்தில் பஞ்சரானது. நானும் அதில் இருந்தேன். ஸ்டெப்னி வீலை மர மில் ஊரிலேயே மாட்டியாகிவிட்டது. தடுப்பு ஓரம் நின்று, "மாப்ளே!" என்று கத்தினேன். அண்ணாந்து பார்த்தவர் முகத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு சரிவில் தவழ்ந்து ஏறி வந்தார். வீலைக் கழற்றி, கயிறு கட்டி இறக்கினோம். கீழே லீவர் போட்டு டயரைப் பிரித்து, ட்யூபைத் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப் போட்டு, காற்றடித்து முடிக்கும்வரை சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டி கேட்டு வெகுநாள் ஆயிற்று.

இறக்கியது சுலபம். ஏற்றுவது அப்படியா? மேலிருந்து கண்டக்டரும் பயணிகளும் கயிற்றை இழுத்தார்கள். கீழிருந்து இவர் தோள் கொடுத்துத் தள்ளினார். பாதிச் சரிவில் முடிச்சு உருவிக்கொண்டது.

"விலகு மாப்ளே!" என்று அலறினேன். விலகிவிட்டார். வீல் துள்ளித் துள்ளி இறங்கி, கடையின் முன் கம்பத்தை முறித்து, கம்ப்ரஸரில் மோதி நின்றது. கூரை அதன்மேல் சரிந்தது.

மேலே பயணிகள் தடுப்பைப் பிடித்து எட்டிப் பார்த்தார்கள். அவர் சரிவில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "பாத்தீங்களா மச்சான்? இந்த ரோட்டுல இருந்து ஒரு வீலு நேரா நம்ம கடைக்கு வந்துருச்சு."

யாரோ போன் போட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து வேனிலேயே மிஷினும் வீலும் வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் வந்தார்கள். வேறு வீல் மாட்டினார்கள், போனார்கள். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதையும் அவர் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்.

அந்தக் கூரையை அவர் மறுபடி தூக்கவே இல்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து என் ஷெட்டில் வைத்திருக்கிறேன். தினமும் என் பஸ்ஸில்தான் வருகிறார். பாலத்து ஏற்றம் வரும்போது எழுந்து எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்துகொள்கிறாராம். கண்டக்டர் சொன்னான்.

ஒன்றுமில்லாமல் வந்து இவ்வளவு சம்பாதித்தவன் நான். அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு சீட்டியை வாங்க என்னால் முடியவில்லை. காற்றடிக்கச் சொன்னால் அடிக்கிறார். டயரைத் தட்டிப் பார்ப்பதில்லை. நேற்று நானாகவே கேட்டேன்:

"மாப்ளே, இந்தப் பின் டயர் தாங்குமா?"

அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போற வரைக்கும் போகும் மச்சான்."