பாசெண்டாலே மேட்டு வடிகால்காரர்

மின்கம்பத்தின் அடியில் உள்ள பொந்துக்குள் குண்டைப் பதமாக இறக்கி வைத்துவிட்டு, மார்னிக்ஸ் டெவால்ஃப் இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறார். வயலைத் தோண்டும்போது கிடைத்த பீரங்கிக் குண்டு. முழங்கை நீளம், துருவேறிச் சேறு அப்பிக் கிடக்கிறது, இன்னும் வெடிக்கவில்லை. ராணுவ லாரி அவ்வப்போது இந்தப் பக்கம் வந்து, கம்பம் கம்பமாக நின்று பொறுக்கிக்கொண்டு போகும். "பால்காரன் மாதிரிதான். நாங்க வெளிய வெச்சுடுவோம், அவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்பார். பிறகு அதே கையால் சீஸ் வைத்த ரொட்டியைப் பிரித்துக் கடிப்பார். மனைவி ஆக்னஸ் பார்த்துவிட்டால் தொலைந்தது. "கையில வெடிக்காதது ஒருநாள் வயித்துல வெடிக்கப் போவுது, பாரு" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அறுபத்தேழு வயது. ஈப்பர் நகரத்துக்குக் கிழக்கே, வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய் பதிப்பது தொழில். இந்தப் பக்கம் முழுக்கக் களிமண். நாலு தூறல் போட்டாலே வயலில் தண்ணீர் நின்றுவிடும். ஓட்டை போட்ட மஞ்சள் குழாயை ஆழத்தில், லேசான சரிவில் பதித்தால், தண்ணீர் அதற்குள் கசிந்து ஓடைக்கு ஓடிவிடும். இப்போது எல்லோரும் வைத்திருப்பது கத்தி இயந்திரம். மண்ணைக் கீறி, குழாயைச் செருகி, அப்படியே மூடிக்கொண்டு பறந்துவிடும். மார்னிக்ஸ் வைத்திருப்பது சங்கிலியால் பள்ளம் தோண்டி மண்ணை மேலே கொட்டும் பழைய இயந்திரம். அதனால் ஊரில் அவருக்கு ஆமை என்று பெயர். "சீக்கிரம் போயி என்னத்தக் கிழிக்கப் போறோம்? அந்த மெஷினுக்குக் கண்ணு கெடையாது. எவன் மேல ஏறிப் போறோம்னே தெரியாது" என்பது அவர் கட்சி.

இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, இறங்கிப் பின்னாலேயே நடப்பார். கண் முழுக்கக் கொட்டும் மண்ணின்மேல்தான். பழுப்பு என்றால் விவசாயியின் மண். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஊளை நாற்றத்தோடு வந்தால், அது முதல் உலகப் போரில், 1917இல் குண்டு விழுந்து, நீர் நிறைந்து, பிறகு தூர்ந்துபோன பள்ளம். செத்த சிப்பாய்கள் அதற்குள்தான் கிடப்பார்கள். ஒரு கட்டி எடுத்து மூக்கருகே வைத்துப் பார்ப்பார். "இது அவங்க மண்ணு" என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்திவிடுவார்.

கோடையில் சைக்கிளில் வரும் வெளியூர்க்காரர்கள் வரப்போரம் நின்று, அந்தப் பெரிய சண்டை நடந்த பாசெண்டாலே மேடு எங்கே என்று கேட்பார்கள். மார்னிக்ஸ் தலையைக்கூடத் தூக்கமாட்டார். "நீங்க நிக்கறதுதான்." அவர்கள் காலடியைப் பார்ப்பார்கள், சுற்றிலும் பார்ப்பார்கள், நம்பமாட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சைக்கிளில் ஏறி வந்தவனுக்கே மூச்சு வாங்காத மேடு அது. ஆனால் அதன்மேல் உட்கார்ந்திருந்த ஜெர்மானியருக்கு, ஈப்பரில் எவன் வீட்டில் அடுப்புப் புகைகிறது என்பதுவரை தெரிந்தது. கீழே தாழ்வில் கிடந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்த மேடு வேண்டியிருந்தது. முதலில் மேடு, அப்புறம் ரயில் பாதை, அப்புறம் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பதுங்கும் கடற்கரை. திட்டம் தாளில் அழகாகத்தான் இருந்தது.

இதைச் சொல்லும்போது மட்டும் மார்னிக்ஸுக்குக் கொஞ்சம் சூடு ஏறும். சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கு வறுவலை மேடுபோல அடுக்கிவைத்து ஆக்னஸிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். "படைய அனுப்பறதுக்கு முன்னாடி நாள் கணக்கா குண்டு போட்டானுங்க. எதிரி செத்தானோ இல்லையோ, இங்க இருந்த ஓடை, வாய்க்கா, வடிகாலு அத்தனையும் செத்துச்சு. அப்புறம் மழை வந்துச்சு. தண்ணி எங்க போகும்? போக வழிய நீயே ஒடச்சுட்ட." ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். காயம் பட்டுச் செத்தவர்களோடு சேற்றில் மூழ்கிச் செத்தவர்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் போராடி, இலையுதிர்காலம் முடியும்போது மேட்டைப் பிடித்தார்கள். அடுத்த வசந்தத்தில், வேறு இடத்தில் நெருக்கடி என்று, பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். "கடலுக்குப் போறதா பிளானு. நான் ஞாயித்துக்கிழமை கார எடுத்தா, கடக்கரையில எறா வறுத்துத் தர்ற கடைக்குப் போயி உக்காந்துடறேன்." ஆக்னஸ் மேட்டின்மேல் இருந்த வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

இந்த வருடத்தோடு போதும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. முழங்காலைக்கூடச் சமாளித்துவிடலாம். "அவங்க தீரமாட்டேங்கறாங்க, ஆக்னஸ். எங்கப்பா காலத்துல எடுத்தாங்க, நான் இத்தன வருசமா எடுக்கறேன், இன்னும் வந்துகிட்டே இருக்காங்க" என்று ஒருநாள் காலுறையைக் கழற்றியபடி சொன்னார். அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

கடைசி வேலையாக ஒப்புக்கொண்டது மச்சினன் கூர்ட்டின் பள்ள வயல். கூர்ட் ஆக்னஸின் தம்பி, குத்தகை விவசாயி. இரண்டு வருடமாக அந்த வயலில் தண்ணீர் நின்று, விதைத்த கோதுமை முளைக்காமல் அழுகிவிட்டது. மூன்றாவது வருடமும் விளையாமல் போனால் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அந்த வயல் போனால் மேட்டு வயல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கூர்ட்டால் குடும்பம் நடத்த முடியாது. அக்கம்பக்கத்துக் கத்தி இயந்திரங்கள் எல்லாம் வேறு வயல்களில் ஓடிக்கொண்டிருந்தன. செப்டம்பர் முடியப் போகிறது, மேற்கேயிருந்து மழை வருகிறது என்று ரேடியோ சொன்னது. மழை இறங்கிவிட்டால் களி இளகிவிடும், வசந்தம்வரை எந்த இயந்திரமும் உள்ளே இறங்காது.

இன்னும் இரண்டு வரிசைதான் பாக்கி. மதியத்துக்குப் பிறகு, சங்கிலி நீல மண்ணைக் கொட்டியது. மார்னிக்ஸ் கை காட்டி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்; ஓட்டிக்கொண்டிருந்தது கூர்ட்தான். பள்ளத்தின் பக்கச்சுவரில் ஒரு பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது. அடியில் ஆணிகள். அதற்குள்ளிருந்து ஓர் எலும்பு மண்ணுக்குள் போனது.

கூர்ட் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

"மாட்டு எலும்பா இருக்கும், மாமா."

"உங்கப்பா வளத்த மாடு பூட்ஸ் போட்டுக்கிட்டா மேஞ்சுது?"

"நூறு வருசத்துக்கு மேல கெடக்கறான். இன்னும் ஒருநாள் கெடந்தா என்ன கொறஞ்சு போவும்? இத முடிச்சுட்டு நாளைக்குச் சொல்லுவோம்."

"இந்த வரிசை அவன் குறுக்கதான் போவுது. சங்கிலி ஓடுனா நாளைக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"அப்ப இத விட்டுட்டு அடுத்த வரிசைய ஓட்டுவோம்."

"இங்க எவனும் தனியா கெடக்கமாட்டான், மாப்ள. உனக்கும் தெரியும்."

கூர்ட்டுக்குத் தெரியும். தகவல் சொன்னால் போலீஸ் வரும், தொல்லியல்காரர்கள் வருவார்கள், கயிறு கட்டுவார்கள். வயல் முழுக்கத் தடவிப் பார்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அவர்கள் வேலை அது; யாரையும் நோக முடியாது. அவன் குரல் இறங்கிவிட்டது. "மாமா, நான் ஒங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இந்த வயலு போனா நான் அவ்வளவுதான். அக்காவுக்காகவாவது பாருங்க. யாரு பாத்தா? நீங்களும் நானும்தான்."

கத்தி இயந்திரம் வைத்திருப்பவன் இந்நேரம் வேலையை முடித்துவிட்டு, ஒன்றும் அறியாதவனாக பியர் குடித்துக்கொண்டிருப்பான். மார்னிக்ஸுக்கு அந்தக் கணத்தில் அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. சின்ன வயதில் கூர்ட்டைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் அவர். அந்தப் பயல் இப்போது நரைத்த தலையோடு எதிரே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"நான் பாத்துட்டேனே, மாப்ள" என்றார். பையிலிருந்து போனை எடுத்துப் போலீஸுக்குச் சொன்னார். எந்தச் சாலை, எந்த வயல் என்று நிதானமாகச் சொன்னார். வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும், எலும்பைத் தொடவேண்டாம் என்றார்கள். கூர்ட் போய், வரப்போரம் நின்ற தன் வண்டிக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டான்.

போலீஸ் வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. முதலில் ரேடியோ சொன்ன தூறல், பிறகு சொல்லாத மழை. பள்ளத்தின் அடியில் தண்ணீர் சேர்ந்து, மெல்ல ஏறி, பூட்ஸின் ஆணிகளைத் தொட்டது. மார்னிக்ஸ் மண்வெட்டியோடு பள்ளத்துக்குள் இறங்கினார். முழங்கால் வலியில் ஒரு முனகல். எலும்பைத் தொடாமல், அதன் கீழ்ப்பக்கமாக ஒரு சிறு வாய்க்காலை வெட்டத் தொடங்கினார். கண்ணாலேயே சரிவைப் பார்த்து, ஏற்கெனவே குழாய் பதித்த வரிசையை நோக்கி இழுத்துக்கொண்டு போனார்.

வண்டிக் கதவு திறந்தது. கூர்ட் மழையில் நனைந்தபடி வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றான்.

"எனக்கு வராத வடிகாலு அவனுக்கா, மாமா?"

மார்னிக்ஸ் வாய்க்காலின் கடைசி மண்கட்டியை வெட்டி எடுத்தார். வாய்க்கால் வழியாகத் தண்ணீர் முதலில் தயங்கியது, பிறகு ஓடத் தொடங்கியது. பூட்ஸைச் சுற்றி ஒரு குழியில் மட்டும் இன்னும் கொஞ்சம் நின்றது. அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, சேற்றில் மண்டியிட்டு, அந்தத் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்.